கெடு நமக்கு மட்டும்தானா?

(முதியோர் ஓய்வூதியக் கோரிக்கைக்காக வட்டாட்சியர் அலுவலகம் முன் நடக்கவிருக்கும் காத்திருப்புப் போராட்டத்தை விளக்கி, சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

விவசாயிக்குக் கெடு என்பது புதுசு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கினால், தவணை தேதிக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. தேதி தாண்டினால் வட்டி ஏறும், நோட்டீஸ் வரும். பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டக் கடைசி தேதி உண்டு. நம் ஒரு வயல் மட்டும் வெள்ளத்தில் மூழ்கினாலோ ஆலங்கட்டி மழையில் அடிபட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி நிற்கும்போது செல்போனைத் தேடி எடுத்துக் கம்பெனிக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சரி, இதற்கெல்லாம் நாம் பழகிவிட்டோம்.

இன்றைக்குப் பேச வந்தது இன்னொரு கெடுவைப் பற்றி. வயசான காலத்தில் அரசாங்கம் தருகிறேன் என்று சொன்ன பணத்தைக் கேட்டு வாங்குவதில் இருக்கிற கெடு. ஓய்வூதியம் என்ற பெயரிலும் உதவித்தொகை என்ற பெயரிலும் நம் ஊர்களுக்கு வருகிற பணத்தில் எவ்வளவு வராமலே போகிறது, ஏன் போகிறது என்று கணக்குப் பார்ப்போம். மனு கொடுத்து நிராகரிக்கப்பட்டவர் கதை வேறு. தகுதி இருந்தும், ஆணை கிடைத்தும், நாள் கணக்கில் பணத்தை இழந்தவர்கள் கதைதான் இது.

முதலில் மத்திய அரசின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2019இல் சிறு, குறு விவசாயிகளுக்கு ஓய்வூதியம் என்று பிரதம மந்திரி கிசான் மான்தன் யோஜனா வந்தது. இரண்டு ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ளவர்கள் சேரலாம். அறுபது வயதானால் மாதம் 3,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேர வயது 18லிருந்து 40 வரை. திட்டம் வந்த அன்றைக்கு 41 வயதானவன் வெளியே நிற்க வேண்டியதுதான். இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் எத்தனை பேருக்கு 2019இல் நாற்பது தாண்டியிருந்தது? கை தூக்கச் சொன்னால் பந்தலே மறைந்துவிடும். மண்ணில் முப்பது வருஷம் உழைத்து முதுகு வளைந்தவனை விட்டுவிட்டு, இளைஞனைப் பார்த்து உனக்கு இருபது வருஷம் கழித்துத் தருகிறேன் என்று சொன்ன திட்டம் அது.

அந்த இளைஞனுக்காவது லாபமா? நாற்பது வயதில் சேர்ந்தவர் மாதம் 200 ரூபாய் கட்ட வேண்டும். இருபது வருஷத்தில் 240 மாதம், 48,000 ரூபாய். அதே அளவு அரசும் போடும். 2019இல் நாற்பது வயதில் சேர்ந்தவருக்கு முதல் ஓய்வூதியம் 2039இல் வரும். அன்றைக்கும் அதே 3,000தான். விலைவாசிக்கு ஏற்ப ஏற்றித் தருவோம் என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 2039இல் ஒரு மூட்டை யூரியா என்ன விலை, ஒரு கிலோ புளி என்ன விலை என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு கெடுவும் அதில் இருந்தது. 2019 ஆகஸ்ட் 1 அன்று நிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பட்டா யார் பேரில் இருக்கிறது? தாத்தா பேரில் இருக்கும். தாத்தா செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சிலே பாகம் பிரித்து, வரப்புப் போட்டு, ஆளுக்கு ஒன்றேகால் ஏக்கர் உழுதுகொண்டிருப்பார்கள். உழுகிறவன் உழவன் என்பது நமக்குத் தெரிகிறது. பதிவேட்டுக்குத் தெரியவில்லை. பெண்கள் நிலைமை இதைவிட மோசம். நாற்று நடுவதிலிருந்து களம் தூற்றுவது வரை அவர்கள் கை. பட்டாவில் மட்டும் பெயர் கிடையாது.

மாநில அரசின் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு என்று தனியாக 1981இல் வந்தது. 2011இல் தொகையை 1,000 ஆக்கினார்கள், முதியோர் வயதை 65லிருந்து 60ஆகக் குறைத்தார்கள். பிறகு பன்னிரண்டு வருஷம் ஒரு ரூபாய் ஏறவில்லை. 2023இல் 1,200 ஆக்கினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு 200 ரூபாய். அதுவும் போராடித்தான் வந்தது.

இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு என்று நம் ஆட்களுக்கே தெரியாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது 75 ரூபாய் கொடுத்தார்கள். 2006இல் 200 ஆக்கினார்கள். 2011இல் எண்பது வயது தாண்டியவருக்கு மட்டும் 500 என்றார்கள். அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வரை உள்ளவருக்கு 2025 வரைக்கும் அதே 200தான். 2006இல் டீ என்ன விலை, இப்போது என்ன விலை? டெல்லியில் இருக்கிறவர்கள் டீயே குடிப்பதில்லை போலிருக்கிறது.

விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் என்று முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011இல் வந்தது. நஞ்சை இரண்டரை ஏக்கர், புஞ்சை ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்கள், நிலமே இல்லாத கூலிக்காரர்கள் உறுப்பினர் ஆகலாம். இங்கேயும் வயதுக் கெடு உண்டு, 18லிருந்து 65க்குள் பதிவு செய்ய வேண்டும். இதை நம் ஊர்களில் எந்த அதிகாரி வந்து தண்டோராப் போட்டுச் சொன்னார்? அறுபத்தாறு வயதில் கார்டு போட வந்த பெரியவரிடம், "போன வருஷமே வந்திருக்கணும் ஐயா" என்று சொல்கிறார்கள். போன வருஷம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தால் போன வருஷமே வந்திருப்பாரே?

இவையெல்லாம் வாசலில் நிற்கிற கெடு. இனிமேல்தான் உள்ளே போகிறோம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

அறுபது வயது முடிந்து, தகுதியும் இருந்து, ஒருவர் இ-சேவை மையத்தில் மனு பதிகிறார். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறது. அவர் விசாரித்து எழுத வேண்டும். அப்புறம் வருவாய் ஆய்வாளர். அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர். ஒவ்வொரு மேஜையிலும் மனு எத்தனை நாள் படுத்திருக்கலாம்? தேர்தல் வேலை, வெள்ள நிவாரண வேலை, கணக்கெடுப்பு வேலை, ஆள் மாறுதல் என்று எல்லாவற்றுக்கும் மனு காத்துக் கிடக்கும். கடைசியில் ஆணை வருகிறது. பணம் எந்த மாதத்திலிருந்து? மனு கொடுத்த மாதத்திலிருந்து இல்லை. ஆணை போட்ட பிறகுதான் கணக்கு ஆரம்பம். நடுவில் போன மாதங்கள் போனவைதான்.

நம் சங்கத்தில் ரொம்ப காலமாகச் சந்தா கட்டுகிற ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். இரண்டு மகன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில், அவர்களுக்கே பிழைப்பு இழுபறி. மானாவாரிக் கடலை போட்டு இரண்டு வருஷம் மழை பொய்த்துப் போனவர். 2024 தை மாதம் மனு கொடுத்தார். ஆணை கைக்கு வந்தது 2025 பங்குனியில். பதினாலு மாதம். மாதம் 1,200 என்றால் 16,800 ரூபாய். அந்தப் பதினாலு மாதத்தில் அவர் வீட்டில் சர்க்கரை மாத்திரை வாங்க ஆடு இரண்டு விற்றாயிற்று. மனுவில் ஒரு தப்பும் இல்லை. கேட்ட காகிதம் எல்லாம் முதல் நாளே கொடுத்திருந்தார். நாங்கள் கூடப் போய் நிலுவை கேட்டபோது கிடைத்த பதில் இது: "அரியர்ஸ் எல்லாம் கவர்மென்ட் ஸ்டாஃபுக்குத்தான் பெரியவரே. இது உதவித்தொகை. கெடச்சதே பெருசுன்னு நெனச்சுக்குங்க."

சொன்னவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். பெரியவரும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அவர் கும்பிட்டதுதான் எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

'அரியர்ஸ் அவர்களுக்குத்தான்' என்ற பேச்சை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும். அரசு ஊழியர் மேல் நமக்குப் பொறாமை கிடையாது. அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள், சங்கம் வைத்துப் போராடி வாங்கினார்கள். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடிருக்கும் சான்று கொடுக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் நவம்பர் மாதம். 2014இலிருந்து இதைக் கைரேகை வைத்தே முடிக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. ஒருவர் நவம்பரில் கொடுக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுபோகும். ஆனால் பிறகு கொடுத்தால் நின்ற மாதங்களின் பணமும் சேர்ந்து வரும். அவர் உயிரோடுதானே இருந்தார், பணம் அவருடையதுதானே என்பது நியாயம்.

நம் ஆட்களுக்கு அந்த நியாயம் இல்லை. மகள் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருப்பார், கரும்பு வெட்டப் போயிருப்பார், பெரியாஸ்பத்திரியில் படுத்திருப்பார். இரண்டு மூன்று மாதம் பணம் கொடுக்கிறவர் வரும்போது ஆள் இல்லை என்றால், ஊரில் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். சில பேருக்கு இறந்துவிட்டார் என்றே எழுதியிருக்கிறார்கள். பெயர் நீக்கப்பட்டவர் தாமே நேரில் போய், நான் சாகவில்லை என்று மனு எழுதிக் கொடுக்கிற கொடுமையை நம் வட்டத்திலேயே பார்த்திருக்கிறோம். அதற்கப்புறம் பெயர் திரும்பச் சேர்ந்தாலும், நின்ற மாதங்களுக்குப் பணம் கிடையாது. செத்துப்போனதாக எழுதிய மாதங்களில் அந்த அம்மா என்ன சாப்பிட்டார் என்று எந்தக் கோப்பிலும் கேள்வி இல்லை.

கைரேகை விஷயமும் இருக்கிறது. அறுபது வருஷம் மண்வெட்டி பிடித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? மெஷின் 'பதிவாகவில்லை' என்கிறது. எண்ணெய் தேய்த்து வா, எலுமிச்சம்பழம் தேய்த்து வா என்று அனுப்புகிறார்கள். அந்த மாதம் போச்சு.

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து முதியோர் ஓய்வூதியத்தை 4,000 ஆக்கி, மாதம் முதல் தேதியில் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கேயும் அந்த மாதம் வாங்காவிட்டால் போச்சு என்ற நிலைதான் முன்பு இருந்தது. 2024 கடைசியில் அதை மாற்றினார்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ வாங்க முடியாமல் போனால், மூன்றாவது மாதம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று விதி செய்தார்கள். மூன்று மாதமும் வராவிட்டால் நிறுத்தம். அந்த விதியிலும் குறை உண்டு, ஆனால் நின்ற பணத்தைச் சேர்த்துக் கொடுத்தால் கஜானா கவிழ்ந்துவிடாது என்பதற்கு அது சாட்சி. கேரளத்தில் 2021இலிருந்து 1,600 கொடுத்து, 2025 நவம்பரில் 2,000 ஆக்கினார்கள். அங்கே விவசாயிகளுக்கென்று தனி நல நிதிச் சட்டமே 2019இல் போட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்த இடத்தில் இரண்டு மூன்று தீர்ப்புகளைச் சொல்ல வேண்டும். கோர்ட்டு விஷயம் என்று யாரும் எழுந்துபோய்விடாதீர்கள்.

1971இல் பீகாரைச் சேர்ந்த தேவகிநந்தன் பிரசாத் என்ற அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு போடுகிற பிச்சை இல்லை, அது உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாள் என்று கொண்டாடுகிறார்கள். இவை அரசு ஊழியர் வழக்குகள், நம்முடையவை இல்லை. ஆனாலும் வயதான காலத்துப் பணம் தயவா, உரிமையா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

2008இல் தர்சேம் சிங் வழக்கு. ராணுவத்தில் இருந்து உடல் ஊனத்தால் 1983இல் அனுப்பப்பட்டவர். ஊன ஓய்வூதியம் கேட்டு 1999இல்தான் கோர்ட்டுக்குப் போனார். பதினாறு வருஷம் கழித்து. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஓய்வூதியம் மாதாமாதம் மறுக்கப்படுகிற அநீதி, அதனால் தாமதமாக வந்தார் என்பதற்காக வழக்கையே தள்ள முடியாது. ஆனால் நிலுவை, மனுப் போட்டதற்கு முந்தின மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் என்றது. அதாவது பதிமூன்று வருஷப் பணம் போனது போனதுதான். தூங்கினால் போய்விடும் என்பது அதில் நமக்கு ஒரு பாடம். இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது. பதினாறு வருஷம் தாமதமாகக் கேட்டவருக்கே மூன்று வருஷ நிலுவை உண்டு என்றால், கேட்க வேண்டிய நாளில் கேட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் காத்திருந்த நம் பெரியவருக்குப் பதினாலு மாத நிலுவை ஏன் இல்லை?

நம்முடைய வழக்கு என்று சொல்லத்தக்கதும் ஒன்று உண்டு. 2001இல் கிடங்குகளில் தானியம் மக்க, ஜனங்கள் பட்டினி கிடந்தபோது, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் உணவு உரிமை வழக்குப் போட்டது. அதில் 2001 நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால உத்தரவில் முதியோர் ஓய்வூதியமும் இருக்கிறது. பயனாளிகளை அடையாளம் கண்டு முடிக்க மாநிலங்களுக்கு நாள் குறித்தார்கள், ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். வழக்கு பின்னால் முடித்துவைக்கப்பட்டுவிட்டது. ஆனால் முதியவர் பணத்துக்கு அரசுக்கே ஒரு தேதி வைக்க முடியும் என்று நாட்டின் பெரிய கோர்ட்டு எழுதிய எழுத்து அழியவில்லை. நாம் கேட்பது புதுசு ஒன்றும் இல்லை.

அரசுக்குக் கெடு வைப்பது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வோம். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில், கேட்ட தகவலை 30 நாளில் கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் இழுத்தால் அந்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை அபராதம் போடலாம். மத்தியப் பிரதேசம் 2010இலும், பீகார், கர்நாடகம் 2011இலும், கேரளம் 2012இலும் மக்கள் சேவைகளுக்கு நாள் குறித்துச் சட்டம் போட்டார்கள். நூறு நாள் வேலைச் சட்டத்திலும் 15 நாளில் கூலி, தாமதமானால் நட்டஈடு என்று எழுதியிருந்தது, ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு காகிதத்தை நகல் எடுத்துக் கொடுக்கத் தாமதித்தால் அபராதம் உண்டு, ஒரு கிழவிக்குக் கஞ்சிக்காசு கொடுக்கத் தாமதித்தால் எதுவுமே இல்லை என்றால் இது என்ன ஞாயம்?

போராட்டத்தில் ஜெயிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. இருக்கிற கெடுவில் நாம் ஏமாறாமல் இருக்க வேண்டும். அதற்குச் சில காரியங்கள் சொல்கிறோம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லுங்கள்.

வயது ஆவணத்தை ஐம்பத்தெட்டிலேயே பாருங்கள். ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது என்றுதான் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிறது. ஆதார் எடுக்க வந்த பையன் மனசுக்குத் தோன்றிய வருஷத்தைப் போட்டு, ஜனவரி 1 என்று முடித்திருப்பான். அதனால் மூன்று நாலு வருஷப் பணம் போகிறது. ஆதார் வயதுக்கு முடிந்த ஆதாரம் இல்லை, பள்ளிச் சான்றில் உள்ள தேதிக்கே மதிப்பு என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து நட்டஈட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூணாங்கிளாஸ் வரை படித்திருந்தாலும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் பெயர் இருக்கும், போய்ச் சான்று வாங்குங்கள். திருத்தமெல்லாம் அறுபது பிறப்பதற்குள் முடிய வேண்டும்.

உழவர் பாதுகாப்புத் திட்டக் கார்டு இல்லாதவர்கள் அறுபத்தைந்து வரை காத்திருக்க வேண்டாம். மகனுக்கு, மருமகளுக்கு இப்போதே போடுங்கள்.

வீட்டில் சாவு விழுந்தால், துக்கத்தோடு துக்கமாக 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்துவிடுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் போக வேண்டும். இறப்புச் சான்று இல்லாமல் விதவை உதவித்தொகை மனு நகராது. கணவரின் ஓய்வூதியம் தானாக மனைவிக்கு மாறிவிடும் என்று நம் தாய்மார்கள் பலர் நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதியோர் உதவித்தொகை மாறாது. புதுசாக அவர் பேரில் மனு கொடுக்க வேண்டும். காரியம் முடிந்த மறு வாரமே கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிசான் மான்தனில் மட்டும், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் பாதி, அதாவது 1,500 ரூபாய் துணைக்கு உண்டு.

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். இ-சேவையில் பதிந்தால் எண் வரும். அந்தச் சீட்டு வெயிலில் மங்கிவிடும், அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கையில் கொடுக்கிற மனுவென்றால் நகலில் தேதி முத்திரை கேளுங்கள். "வெச்சுட்டுப் போங்க, பாக்குறேன்" என்று சொன்னால், "சீல் மட்டும் போட்டுக் குடுங்க சார், நிக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லி நில்லுங்கள். நாளைக்கு நிலுவை கேட்கவும், வழக்குப் போடவும் அந்தத் தேதிதான் நம் கையில் இருக்கிற ஒரே சொத்து.

இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமையில் கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று தபாலில் அனுப்பினால் போதும். 'என் இன்ன எண்ணுள்ள மனு இன்றைய தேதியில் யார் மேஜையில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது' என்று இரண்டே கேள்வி. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையம். அனுபவத்தில் சொல்கிறோம், முதல் கடிதம் போனாலே பல மனுக்கள் தானாக எழுந்து நடக்கின்றன.

வெளியூர் போகிறவர்கள் போகுமுன் கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: இன்ன இடத்தில் இருப்பேன், இன்ன மாதம் திரும்புவேன், என் பெயரை நீக்க வேண்டாம் என்று. நகலில் முத்திரை.

இனி நம் கோரிக்கைகள். மனுவுக்கு 45 நாளில் ஆணை அல்லது எழுத்துமூலம் காரணம். ஆணை எப்போது வந்தாலும் மனு கொடுத்த மாதத்திலிருந்து பணம். பெயர் நீக்குமுன் நேரில் விசாரணை, ஊராட்சி அலுவலகத்தில் 15 நாள் பட்டியல் ஒட்டுதல். தவறாக நீக்கப்பட்டவருக்கு நின்ற மாதங்களின் முழு நிலுவை. ரேகை விழாதவருக்குக் கண் பதிவு, அதுவும் ஆகாவிட்டால் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு பணம். மத்திய அரசு தன் 200 ரூபாயைத் திருத்த வேண்டும். 2019இல் நாற்பது தாண்டியிருந்த சிறு விவசாயிகளுக்குச் சந்தா இல்லாத ஓய்வூதியம். கடைசியாகச் சொன்னதுதான் பெரிசு, அது ஒரு நாளில் வராது. முதலில் சொன்ன இரண்டும் ஓர் அரசாணையில் முடிகிற காரியம், அதை வாங்காமல் விடுவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் முன் கூடுகிறோம். ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளும் திங்கட்கிழமைதான் என்பதால், ஐந்து பேர் குழு அங்கே மனுவோடு போகும். மற்றவர்கள் பதில் வரும்வரை இங்கேயே உட்காருவோம். சமையலுக்கு அரிசி, பருப்பு ஊர்க் கிளைகள் கொண்டுவர வேண்டும். விறகு நகரக் கிளை பொறுப்பு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளைக்கு உண்டானதைக் கையோடு எடுத்து வாருங்கள்.

ஒவ்வொருவரும் மனுவின் ஒப்புகைச் சீட்டு, ஆணை வந்திருந்தால் அதன் நகல், பெயர் நீக்கப்பட்டவர்கள் பாஸ்புக் ஆகியவற்றோடு வர வேண்டும். சீட்டு இல்லாதவர்கள் மனு கொடுத்த மாதத்தையாவது நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள். பந்தலில் மூன்று பிள்ளைகள் நோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மனு கொடுத்த தேதி, ஆணை வந்த தேதி, இடையில் எத்தனை மாதம், எத்தனை ரூபாய் என்று ஊர்வாரியாக எழுதி, கூட்டிப் போட்டு, அன்று சாயங்காலம் வட்டாட்சியர் கையிலேயே அந்த நோட்டைக் கொடுப்போம்.